அக்கா போட்ட கையெழுத்து

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். காலரும் பொத்தானும் தையலும் சரியாக இருந்தால், அவரவர் எண் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நான் கல்லூரியில் தத்துவம் படித்தது அவள் சம்பளத்தில்.

என் புத்தகங்களை எனக்கு முன்பே அவள் புரட்டிவிடுவாள்.

“இந்த மனுஷன் பத்து வருஷம் உட்கார்ந்து யோசிச்சாராமே. அதுவரைக்கும் அவருக்கு யாருடா சோறு ஆக்கிப் போட்டது?”

“அது முக்கியமில்லக்கா.”

“ஒரு வேளை பட்டினி கிட, எது முக்கியம்னு தெரியும்.”

வகுப்பில் அதை என் கேள்வியாகக் கேட்டுப் பாராட்டு வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரம், அனுப்பிய சட்டைகள் பழுதென்று திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் பக்கத்து மேசைத் தோழியின் எண். அவள் குழந்தையை டாக்டரிடம் காட்டப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், லாரிக்கு நேரமாகிவிட்டதென்று சூப்பர்வைசரே அவள் ஸ்டிக்கர்களை எடுத்து ஒட்டியிருந்தார். அக்கா அதைப் பார்த்திருந்தாள். இப்போது, ‘தோழிதான் ஒட்டினாள்’ என்று எழுதிய தாளில் அக்காவிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுநாள் காலைவரை தவணை.

அன்று மாலை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“நியாயத்தப் பத்தி இவ்ளோ தண்டி புத்தகம் படிக்கிறியே. இதுக்கு அது என்ன சொல்லுதுடா?”

“பரீட்சை நேரத்துல வேண்டாத வம்பு எதுக்குக்கா? உனக்கு வேலை போச்சுன்னா? பேசாம போட்டுட்டு வா.”

“சரி, படி” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கையெழுத்துப் போட்டாள். தோழியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். தேர்வில், பலருடைய நன்மைக்காக ஒருவரைப் பலி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்று ஆறு பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். அக்காவின் கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருந்தது. நான்தான் அதைத் தேர்வுத்தாளுக்கு மட்டும் என்று வைத்திருந்தேன்.

அதன்பிறகு அவள் என் புத்தகங்களைத் தொடவில்லை. பல நாள் கழித்து, தாங்க முடியாமல் சொன்னேன்.

“தப்பு என்னோடதுக்கா. நான்தானே போடச் சொன்னேன்.”

“நீ சொன்ன. போட்டது நான். அதையும் நீயே எடுத்துக்காத.”

மறுவாரம், பார்த்ததைப் பார்த்தபடி தானே ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். முடிந்துபோன விஷயம் என்றார்கள். அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு தோழியின் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

தோழி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“இத அன்னைக்கே எழுதியிருக்கலாமே” என்றாள்.

தோழி என் பக்கம் திரும்பினாள். “தம்பி படிப்பு முடிஞ்சிருச்சா? என்ன படிச்சீங்க?”