ஏரிக்குள் ஒரு பெண்

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், பிளசன்டனில் இருக்கும் மகன் குடும்பத்தோடு அலாஸ்காவுக்குப் போயிருந்தேன். ஊர்களையெல்லாம் தாண்டி, பனிமலை அடிவாரத்தில் ஓர் ஏரிக்கரை. அங்கே ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்தோம். பனியாறு அரைத்த பாறைமாவு கலந்து, தண்ணீர் பச்சை கலந்த பால்போல இருந்தது.

வீட்டுக்காரப் பெண்மணி அறுபதைத் தாண்டியவர். தலைமுறைகளாக அங்கேயே வாழும் குடும்பம். வந்ததுமே எங்களை எச்சரித்தார். பனியாறு குடைந்த பள்ளம் இது, கரையைத் தாண்டினால் அதலபாதாளம் என்றார். ஏரி தூங்குகிறது, காலால் தொட்டு எழுப்பினால் தன்னோடு படுக்கவைத்துக்கொள்ளும் என்று அவருடைய முன்னோர் சொல்வார்களாம்.

ஆறு வயதுப் பேத்தி கேட்டால்தானே! மறுபடி மறுபடி கரைக்கே ஓடினாள். கல்லூரியில் புவியியல் கற்பித்தவன் நான். அந்த ஆழத்தை அவளுக்குப் புரியும்படி விளக்கியிருக்கலாம். முழங்கால் வலி, எழுந்து போகச் சோம்பல்.

"தண்ணிக்குள்ள ஒரு பொண்ணு இருக்கா. கிட்டப் போனா காலைப் பிடிச்சு இழுத்துடுவா" என்றேன்.

அவள் பயப்படவில்லை. "இஸ் ஷி கோல்ட், தாத்தா?"

"ஆமாடி கண்ணு, ரொம்பக் குளிருது அவளுக்கு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே அலறல். என் கம்பளிச் சால்வையைக் கையில் பிடித்தபடி பேத்தி தண்ணீரில் தத்தளித்தாள். நாங்கள் படியிறங்குவதற்குள், படகு கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பெண்மணி உடுத்திய உடையோடு குதித்து அவளைத் தூக்கிவிட்டார்.

பற்கள் கிடுகிடுக்க, "த லேக் கேர்ள் இஸ் கோல்ட்" என்றே குழந்தை முனகினாள். மகன் அவளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

மருமகள் வெடித்தாள். "எல்லாம் இந்தம்மா சொன்ன கதைதான் மாமா! ஒரு குழந்தைகிட்ட போய் இப்படியா சொல்வாங்க?" அதையே ஆங்கிலத்தில் அவர் முகத்துக்கு நேராகவும் கேட்டுவிட்டாள்.

பெண் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொன்னதில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயாம் சாரி" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் இதுவரை சொல்லவும் இல்லை. மருமகள் பத்திரிகை படிக்கிறவள், இதையும் படிக்கட்டும்.

இல்லாத ஒருத்திக்குக் குளிருமே என்று குழந்தை சால்வை எடுத்துப் போனாள். தண்ணீர் சொட்டச் சொட்ட என் எதிரே நடுங்கிக்கொண்டு, என் பொய்க்கு மன்னிப்புக் கேட்டவரின் தோளில் என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.