கிண்ணியாத் தோட்டத்துப் பெட்டி

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருடம் நான் திருகோணமலை நகரத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். உப்பு ஏறிப்போன கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்வதும், குழாய்க் கிணறுகள் அடித்துக் கைப்பம்புகள் பூட்டுவதும் எங்கள் வேலை. பெரும்பாலான நாட்களில் வாகனத்தில் மூன்று பேர் இருப்போம். ஒருவர் பொறியியலாளர், குளிர் தேசத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். மற்றவர் சாரதி, கிண்ணியாவைச் சேர்ந்தவர். அவரை நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அப்போது போர் நிறுத்தம், சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம். இராணுவக் காவலரண்களான சென்றிகளில் மறிப்பார்கள், ஆனால் சிரித்துக்கொண்டு மறிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை பொறியியலாளர் அச்சடித்த பதினொரு பக்கங்களை என் மேசையில் வைத்தார். தன் ஊரில் தான் ஓய்வு நேரத்தில் விளையாடும் விளையாட்டு ஒன்றின் விதிகள் இவை என்றார். அந்த விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங். ஒருவர் ஒரு சிறு பெட்டிக்குள் கொப்பியும் பென்சிலும் வைத்து எங்காவது ஒளித்துவிடுவார். அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கான ஆள்கூறுகளை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிவந்து, கண்டெடுத்து, கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

“இங்கேயும் ஒன்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த இடம் தெரியாது. நீங்கள் விதிகளை வாசித்து, எங்கே வைக்கலாம் என்று சொல்லுங்கள்” என்றார்.

திருகோணமலையில் ஒளித்துவைத்த பெட்டியை யார் தேடி வருவார்கள் என்று அவருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று யோசித்தேன். பிறகு விதிகளை வாசித்தேன். அவை நான் எதிர்பார்த்ததைவிடப் புத்தியான விதிகள். நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். மண்ணைத் தோண்டக் கூடாது. இராணுவ இடங்கள், ரயில் பாதை, பாலம், பாடசாலை ஆகியவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது. பார்த்தவர் குண்டு என்று பயப்படும்படியான பெட்டியாக இருக்கக் கூடாது. வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறவர், பராமரிக்க உள்ளூரில் ஒருவரை ஒழுங்குசெய்ய வேண்டும். பெட்டியை வைத்து எந்த நோக்கத்தையும் பரப்பவோ, எதையும் கேட்கவோ கூடாது.

நான் மாவட்ட வரைபடத்தை விரித்து, விதிகள் விலக்கும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன். துறைமுகமும் அதைச் சுற்றியிருந்த குன்றுகளும் போயின. சீனன்குடாவில் விமான ஓடுபாதையும் எண்ணெய்த் தாங்கிகளும் போயின. வடக்கே போகும் வீதியின் இரண்டு பக்கத்திலும் கண்ணிவெடிப் பலகைகள் இருந்தன. ஒரு மணித்தியாலத்தில் தாள் பெரும்பாலும் சிவந்துவிட்டது. மிஞ்சியது கடலும், தம்பலகாமத்து வயல்களும், கிண்ணியாப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களும்.

முதலில் தம்பலகாமம் போனோம். குளக்கட்டோரம் வயல் வைத்திருந்த ஒருவர் தாராளமாகச் சம்மதித்தார். “வைக்கலாம். ஆனா இஞ்சால ஆனை வரும், மிதிச்சுப்போட்டால் என்னைக் கேக்கக்கூடாது” என்றார். பொறியியலாளர் கருவியைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் குனிந்து நின்றதை இரண்டு சிப்பாய்கள் கண்டுவிட்டார்கள். கிணற்று வேலைக்காக அந்தக் கருவியை வைத்திருக்க எங்களிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. அதை அவர்கள் வாசித்து, வானொலியில் யாரிடமோ கேட்டு, திருப்பித் தர முக்கால் மணித்தியாலம் ஆனது. மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆனால் ஒருவர், “குளத்தில் என்னத்துக்குக் கிணறு?” என்று சிங்களத்தில் கேட்டார். அந்த வயலையும் வரைபடத்தில் சிவப்பாக்கினேன்.

திரும்பி வரும்போது நானா சொன்னார்: “என்ட தோட்டத்தில வைக்கச் சொல்லுங்க தங்கச்சி. சொந்தக் காணி. அனுமதி நானே தாறன்.”

அந்த நாட்களில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றித்தான் கடக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடந்தோம். பொறியியலாளர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, மூலையில் நின்ற புளியமரத்தின் வேரிடுக்கைக் காட்டினார்.

நானா தலையை ஆட்டினார். “பெரிய மரத்தடி வேணாம். நாங்க ஊரைவிட்டு ஓடின நேரமெல்லாம் ஆக்கள் நகையையும் காணி உறுதியையும் மரத்தடியிலதான் புதைச்ச. களவெடுக்க வாறவனும் முதல்ல அங்கதான் தோண்டுவான். இதை மறைச்சும் வைக்காதீங்க. எல்லாருக்கும் தெரியிற இடத்தில வைங்க. தெரியாத பெட்டியென்டாத்தான் பயம்.”

மற்றவர்கள் காணாமல் வைக்க வேண்டும் என்பதுதான் விளையாட்டின் அடிப்படை. பொறியியலாளர் அதை நானாவுக்கு விளங்கப்படுத்தச் சொன்னார், சொன்னேன். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது அவங்கட ஊர்ல” என்றார்.

கடைசியில் நானா சொன்னபடியே நடந்தது. உப்பேறியதால் கைவிட்ட பழைய கிணறு ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதன் சுற்றுக்கட்டில் இரண்டு கல் பெயர்ந்து ஓர் இடுக்கு. அதற்குள் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தோம். மூடியில் ஒட்ட நான் மூன்று மொழியிலும் எழுதியிருந்தேன்: ‘இது ஆபத்தான பொருள் அல்ல.’ நானா அதை வாசித்துச் சிரித்தார். “இப்பிடி எழுதினா ஒரு குருவியும் கிட்ட வராது.” அதைக் கிழித்துவிட்டு, நிறுவனத்தின் பெயரையும் ‘திறந்து எழுதிவிட்டு வைக்கவும்’ என்பதையும் மட்டும் எழுதினேன். அயல் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நானா பெட்டியைத் திறந்து காட்டினார்.

இணையத்தில் அதைப் பதிவதற்கு அந்த விளையாட்டின் மேற்பார்வையாளர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தார் என்று தெரியாது. இராணுவ வலயமா, நிலம் யாருடையது, யார் பராமரிப்பார் என்று மூன்று கேள்வி கேட்டார். பதில் அனுப்பினோம். பெட்டி வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியானது. அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது கொப்பியில் ஏழு பதிவுகள் இருந்தன. பொறியியலாளரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். வாசிக்கச் சொன்னார்.

‘பள்ளிவாசல் ஒழுங்கையில் பூட்டிய பம்பின் கைப்பிடி கழன்றுவிட்டது. தயவுசெய்து கவனிக்கவும்.’ ‘எங்கள் கிணற்றை இறைத்த பின்னும் உவர்க்கிறது. ஒருமுறை கூட இறைத்துத் தரவும்.’ ‘ஆறு குடும்பத்துக்கு ஒரு பம்பு காணாது.’

ஏழும் அப்படித்தான். கிணற்றுக் கட்டில், கிணறு வெட்டும் நிறுவனத்தின் பெயரோடு, எழுதச் சொல்லும் ஒரு பெட்டி. அதை முறைப்பாட்டுப் பெட்டி என்று ஊரார் நினைத்ததில் பிழையே இல்லை. ஒருவரும் பெயர் எழுதவில்லை. இடத்தை மட்டும் எழுதியிருந்தார்கள்.

பொறியியலாளர் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “விதிப்படி இது கூடாது” என்றார். பிறகு பொக்கற்றிலிருந்து தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, “கைப்பிடி எந்த ஒழுங்கை?” என்று கேட்டார். அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அதைச் சரிசெய்தோம். அதன் பிறகு மாதம் ஒரு தடவை கொப்பியைப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

பதிவுகளில் பாதி ஒரே கையெழுத்து, வட்டமான அழகான எழுத்து. அது நானாவின் பக்கத்து வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும், எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பெண்ணுடையது. எழுதத் தெரியாதவர்கள் அவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். மாரி தொடங்கியதும் பெட்டி நனைகிறதென்று அவர் அதைத் தன் குசினி அடுப்போரம் எடுத்துப் போய்விட்டார். எனக்கும் பொறியியலாளருக்கும் அது தெரியாது.

அந்த மாரியில்தான் உண்மையான தேடுநர் ஒருவர் வந்தார், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு வெளிநாட்டுத் தாதி. வெருகல், மூதூர் வழியாக விடுமுறை நாளொன்றில் கருவியோடு வந்து, கிணற்றைச் சுற்றி மழைத்தூறலில் ஒரு மணித்தியாலம் தேடியிருக்கிறார். ராத்தா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்கமுடியாமல் பெட்டியை ஒரு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையை மறு கையிலுமாகக் கொண்டுபோய், “இதையா தேடுறீங்க?” என்று தமிழில் கேட்டிருக்கிறார். தாதி இணையத்தில் ஒரே வரிதான் எழுதினார்: கண்டெடுத்தேன், தேநீருடன்.

உடனே மேற்பார்வையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பெட்டி குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும், அல்லது இடத்தை மாற்றிப் பதிய வேண்டும், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு. பொறியியலாளர் என்னை ராத்தாவிடம் அனுப்பினார்.

“வாற ஆக்கள் வரட்டும் மகள்” என்றார் அவர். “விடியக்காலையில மட்டும் வேணாம். அது நான் இடியப்பம் அவிக்கிற நேரம்.”

அந்த வசனத்தை அப்படியே மொழிபெயர்த்துப் பதிந்தோம். அதன் பிறகு வேறொரு தேடுநர் வரவேயில்லை.

வருடம் திரும்பியதும் சென்றிகளில் சிரிப்பு நின்றது. நகரத்தில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன. பொறியியலாளரின் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். போகும்போது அந்த இணையக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்தார். “நிலைமை மாறினால் எடுத்துவிடுங்கள். அதுவும் விதிதான்” என்றார். கை குலுக்கினோம். அவரை அதன் பிறகு நான் காணவில்லை.

ஜி.பி.எஸ். கருவிகளை இராணுவ முகாமில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தோம். பிறகு மூதூரில் சண்டை தொடங்கி, சனம் கால்நடையாக வெளியேறியது. கிண்ணியாப் பாடசாலைகள் அகதிகளால் நிரம்பின. ஒருநாள் நானா என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஆமி வீடுவீடாச் செக் பண்ணுறாங்க தங்கச்சி. அந்தக் கொப்பி அங்க இருக்க ஏலாது.”

நான் அதை யோசித்திருக்கவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டி. அதற்குள் ஊரின் ஒவ்வொரு சந்தும் ஒழுங்கையும் குறித்த ஒரு கொப்பி. அதன் ஆள்கூறு உலகம் முழுக்கத் தெரியும். அது ஒரு பெண்ணின் குசினியில் இருந்தது. அவர் கையெழுத்தில்.

மறுநாள் காலை பாதையில் கடந்து போனோம். ராத்தா வீட்டில் மூதூரிலிருந்து வந்த உறவினர் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் பெட்டியை எடுத்துவந்தார், ஆனால் கொடுக்கவில்லை.

“இதில ரெண்டு இன்னும் முடியல்லையே” என்றார்.

“என்ன ரெண்டு?”

“கடைசிப் பக்கம். ஒண்டு ஆத்தங்கரைப் பம்பு. மத்தது அந்த விதவைப் புள்ளைட கிணத்துக்குக் கொங்கிரீட் வளையம். நீங்க கொண்டு போனா அது ரெண்டும் ஆருக்குத் தெரியும்?”

நானா, “ராத்தா, ஆமி வந்தா என்ன செய்வீங்க?” என்றார்.

“வரட்டும். பம்பு உடைஞ்சதென்டு எழுதுறது குத்தமா?”

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கிழமை நியாயத்தை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் கதிரையில் உட்கார்ந்து, அலுவலகப் படிவம் இரண்டை எடுத்து, அந்த இரண்டு வேண்டுகோளையும் என் கையெழுத்தில் பிரதிபண்ணினேன். முடிந்ததும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னார், திருத்தினேன். அதன் பிறகு அவரே கொப்பியைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, இடியப்பம் அவிக்கும் அடுப்பில் வைத்தார். மூடியில் ஒட்டியிருந்த தாளை நானா தண்ணீர் விட்டுச் சுரண்டினார்.

அன்று பின்னேரம் இணையத்தில் பெட்டி அகற்றப்பட்டது என்று பதிந்தேன். பச்சைப் புள்ளி போய்விட்டது. காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவதென்று நேரம் எடுத்து யோசித்து, கடைசியில் வெறுமையாக விட்டேன்.

படிவம் இரண்டையும் எங்கள் அலுவலகம் மூடப்படுமுன் இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். ஆற்றங்கரைப் பம்பு அப்படியே கிடந்தது என்றுதான் கேள்வி. நான் கொழும்பில் வேறு வேலைக்குப் போய் ஐந்தாறு மாதத்தின் பின் நானா தொலைபேசி எடுத்தார்.

“அந்தப் புள்ளைட கிணத்துக்கு வளையம் வந்திட்டு தங்கச்சி. லொறியில கொண்டு வந்து இறக்கினாங்க. ஒண்டு வெடிச்சிரிக்கி, ஆனா பரவாயில்ல, அதை மேலால போட்டாச் சரி. ராத்தா உங்களுக்குச் சொல்லச் சொன்னா.”

தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

“குடிக்க ஏலாது. குளிக்கலாம்” என்றார்.