பெட்ரோலுக்காக எல்லை தாண்டினேன்

காரில் நான், மனைவி லில்லி, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதப்போன மகள் ஷைனி. எனக்கு வேலை போய் அஞ்சு மாசம். எஞ்சின் ஆயில் மாற்றவில்லை. டேஷ்போர்டில் ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தும் ஓட்டினேன். பரீட்சை கேரளத்தில், நெய்யாற்றின்கரையில். அதே பக்கம் இருக்கும் பாறசாலை வீட்டிலிருந்து முதலில் எதிர்த்திசையில் எல்லை தாண்டிக் களியக்காவிளை போனேன். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு. அதுதான் தப்பு. திரும்பி வரும்போது உதியன்குளங்கரையில் கார் நின்றுவிட்டது. பரீட்சைக் கேட் அடைக்கக் கால் மணி நேரம்தான் இருந்தது. மகள் அழுதாள்.

ஸ்கூட்டரில் வந்த மீன்கார அக்கா நிறுத்தினார். "ஏறு மக்கா. நாத்தம் உண்டு. பரீட்சை மூக்கு வச்சா எழுதப்போற?" மகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"எஞ்சின் போச்சு அண்ணே, இனி பழைய இரும்புக்காக்கும்" என்றார் மெக்கானிக்.

இப்போது எங்கே போனாலும் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுகிறேன். அப்படி வேலை கேட்டு ஏறி இறங்கிய இடம் பதினேழு.