மைக் அக்காவின் தொலைந்த பிள்ளைகள்

பொருட்காட்சித் திடலில் தொலைந்துபோவது ரொம்பச் சுலபம். பாத்திரக் கடை முன்னால் அம்மா ஒரு நிமிஷம் நின்றால் போதும், பிள்ளை போய்விடும். அப்படிப் போன பிள்ளைகளை முப்பத்தொன்பது வருஷமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் மைக் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை.

வட்டக் கூடத்தின் நெற்றியில், மாடியில் இருந்தது அவள் அறை. ஒரு மைக், ஒரு பெஞ்சு, பிஸ்கட் டப்பா, தடி நோட்டு. நோட்டில் தேதி, அடையாளம், பிள்ளை சொன்னது, கூட்டிப்போனவர் கையெழுத்து, உறவு என்று ஐந்து கட்டங்கள். கையெழுத்து இல்லாமல் பிள்ளை கிடையாது. சொந்த மகனைக் கூட்டிப்போக வந்த போலீஸ்காரர் ஒருவர் சீருடையைக் காட்டிப் பார்த்தார். "சட்டை நல்லா இருக்கு சார். கையெழுத்து?" என்றாள். போட்டுவிட்டுத்தான் போனார்.

கூடத்தின் உச்சியில் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரு தகரக் கூரை. திடலில் எங்கே நின்றாலும் தெரியும். உள்ளே நுழையும்போதே எல்லா அம்மாக்களும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். "தொலைஞ்சா அழாத. தகரத் தொப்பிக்குக் கீழ போய் நில்லு."

அந்தத் தொப்பிக்குத்தான் ஆபத்து வந்தது. மழை ஒழுகியது. நகரசபையின் பெரிய இன்ஜினியர் வந்து, அண்ணாந்து பார்த்து, 'தகுதியற்றது, இடிக்கலாம்' என்று எழுதிவிட்டார். வட்டக் கூடம், ராட்டினக் கொட்டகை, டிக்கெட் வீடு மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி. தொண்ணூறு வருஷக் கட்டடங்கள் என்று ஊர் சத்தம் போட்டதும் நகரசபை கொஞ்சம் இறங்கி வந்தது. பழுதுபார்க்கும் செலவில் பாதியை, பொருட்காட்சி முடியும் நாள் மாலை ஆறு மணிக்குள் மக்கள் திரட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை இடிப்பு. நம்பிக்கை எவ்வளவு என்று காட்டுவதுபோல, புல்டோசரை முதல் நாளே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

மைக் அக்காவுக்குத் தண்ணீர் வரிப் பிரிவில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. அவள் கவலை நாற்காலி பற்றியதில்லை. அடுத்த வருஷம் தொலைகிற பிள்ளை எங்கே போய் நிற்கும்?

குழு அமைத்தார்கள். 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று எழுதி வாசலில் உண்டியல் வைத்தார்கள். மூன்று நாளில் கொஞ்சம் சில்லறையும் இரண்டு சட்டைப் பித்தானும் மென்று துப்பிய பபிள்கம் ஒன்றும் சேர்ந்தன.

நாலாம் நாள் பிற்பகல், டிக்கெட் கிழிக்கும் நாத்தனார் பிளாஸ்கில் டீயோடு மேலே வந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாமென்று பழைய நோட்டைப் பிரித்தாள் மைக் அக்கா. முப்பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் செய்யாத தவறை அன்றைக்குச் செய்தாள். மைக்கை அணைக்கவில்லை.

"இதைக் கேளு. நீலக் கால்சட்டை, ஒத்தைச் செருப்பு. அப்பா பேர் என்னன்னு கேட்டா அப்பாங்கிறான். பிஸ்கட் ஒன்பது தின்னுட்டு, பத்தாவது கேட்டு அழறான்."

"அவன் இப்ப என்ன ஆகியிருப்பான் அண்ணி?"

"என்ன ஆவான். குண்டாகியிருப்பான்."

கீழே திடலே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முனகியது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் பேக்கரிக்காரர்.

"ஒன்பது இல்லக்கா, எட்டுதான். ஒண்ணு கீழ விழுந்துடுச்சு."

புது அடுப்புக்கு முன்பணமாக வைத்திருந்த பணக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "அன்னிக்கு எங்கம்மா வர்ற வரைக்கும் என் கையை நீங்க விடவே இல்ல" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பி ராட்டினத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

 மைக் அக்கா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்களைக் கூட்டிட்டுப் போக யார் வந்திருக்கா? கையெழுத்து வேணும்."

அவர் மனைவி மூச்சிரைக்க மாடியேறி வந்து கையெழுத்துப் போட்டு மீட்டுக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு மைக்கை வேண்டுமென்றே திறந்து வைத்தாள். தினமும் மாலை நாலு மணிக்குப் பத்துப் பிள்ளைகளை அழைத்தாள். பெயர் சொல்ல மாட்டாள், அடையாளம் மட்டும். முரசுக்குள் தூங்கிப்போன பையன் பல் டாக்டராக வந்தான். அடுத்த ஊரிலிருந்து ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். "நானும் தொலைஞ்சேன், நீங்கதான் எழுத மறந்துட்டீங்க" என்று ஒருவர் புளுகினார். "பொய் சொன்னா ரெண்டு மடங்கு" என்றாள். சிரித்துக்கொண்டே கட்டினார்.

கடைசி நாள் ஐந்தரைக்கு, கீழே வசூல் எழுதும் கரும்பலகையில் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. முதல் நோட்டின் முதல் வரியை மட்டும் அவள் படிக்கவில்லை.

"மணிக்கட்டுல கடிச்சானே, அவனைக் கூப்பிடலையா அண்ணி?"

"வேணாம். அது அந்த இன்ஜினியர். காதோர மச்சத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. ஊர் கூடியிருக்கிறப்ப கூப்பிட்டா, அழற புள்ளைய அடிச்ச மாதிரி இருக்கும்."

நோட்டை மூடினாள். படியில் செருப்புச் சத்தம். வந்தவர் இன்ஜினியர்.

"தினமும் நாலு மணிக்குக் கீழதான் நின்னேன். எல்லாரையும் கூப்பிட்டீங்க. என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"மறுபடி கடிச்சிடுவீங்களோன்னு பயம் சார்."

அவர் சிரிக்கவில்லை. அவள் எதிர்பாராத நேரத்தில் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"மஞ்சள் ஸ்வெட்டர். வயசு அஞ்சு. பேர் சொல்ல மாட்டேங்கிறான். கையைக் கடிச்சுட்டான். அம்மா இங்கதான் வந்து நிக்கச் சொன்னாங்களாம், தகரத் தொப்பிக்குக் கீழ."

 எவ்வளவு குறைகிறது என்று அவர் கேட்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துவிட்டு, குறைந்த தொகை முழுதுக்கும் காசோலை எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார்.

மணி ஐந்து ஐம்பது. மைக் அக்கா புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே அறிவித்தாள். "தகரத் தொப்பி. வயசு தொண்ணூறு. மழை வந்தா ஒழுகும். கூடவே தம்பி தங்கச்சின்னு ரெண்டு கட்டடம். உரியவங்க வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

கீழே எழுந்த ஆரவாரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வரிசை படிக்கட்டிலிருந்து ராட்டினம் வரை நீண்டது. உறவு என்ற கட்டத்தில் அண்ணன் என்று போட்டார்கள், மாமா என்று போட்டார்கள். இன்ஜினியர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கி, சித்தப்பா என்று எழுதினார்.

"சித்தப்பான்னா மழைக்கு மழை வந்து பாக்கணும் சார்."

"வர்றேன்" என்றார்.

கடைசியாக ஒரு காக்கிச் சட்டை வந்தது. புல்டோசர் ஓட்டுநர். சில்லறையை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"உறவு?"

"தூரத்து உறவுன்னு போட்டுக்கோங்க."

அவர் இறங்கிப்போய் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும், மைக் அக்கா குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"வாசல்ல நிக்கிறவங்க கவனிக்கவும். புல்டோசர் திரும்பிப் போகுது. பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கோங்க."