நேற்றைய கோடு

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மாமனாரைச் சேர்த்திருந்தோம். தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. "இது இப்ப ஓடுறதுதானே சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாமனார் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிக் காட்டினாள். எண் மறைந்து மணி அலறியது. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு என் பைத்தியம் பழகிவிட்டது. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கூட வேலை பார்த்தவள் கெடாரைச் சேர்ந்த குமுதா. வறுத்த மல்லாட்டை கொண்டுவருவாள். எங்கள் மேசை இழுப்பறை முழுக்கக் கடலைத் தோல்தான். நீராவிச் சோதனைக்கு அங்கே ஆளுயர எஃகுக் கலன் ஒன்று இருந்தது. முன்பெல்லாம் ஒருத்தி முள்ளைப் பார்த்துச் சொல்ல, மற்றவள் நோட்டில் எழுதுவாள். முள்மானியைக் கழற்றிவிட்டு சென்சார் பொருத்தி, அழுத்தம் நொடிக்கு நொடி சுவர்த் திரையில் கோடாக ஓடும்படி செய்தவள் குமுதா. மொபைலைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். நான் அந்தத் திரையை ஈரத்துணியால் துடைத்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வந்த நாளில் துறைத் தலைவர் என்னிடம் வந்தார். கோடு காலையிலிருந்து ஏறி இறங்கி அசிங்கமாக இருக்கிறதாம். "நேத்து ரெக்கார்ட் பண்ணத ஓட விடும்மா. அவங்க போனதும் மாத்திக்கலாம்." குமுதா சாப்பிடப் போயிருந்தாள். நான் பட்டனை அழுத்தினேன்.

குழு கோட்டைப் பாராட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. உள்ளே வந்த குமுதா முதலில் திரையைத்தான் பார்த்தாள்.

"கோடு சரியாத்தாண்டி இருக்குது. மூடியோட ரப்பர் வாசர் போயிருக்கும், பாத்துக்கினு வர்றேன்."

நான் வாயைத் திறந்தேன். வாசலில் தலைவர் நின்றிருந்தார். மூடிக்கொண்டேன். அவள் நாலு எட்டு வைத்திருப்பாள், கலனின் மூடி பிய்த்துக்கொண்டு கூரையில் மோதியது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் உதைத்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப் பாய்ந்தன. வெள்ளை ஆவிக்குள் அவள் அலறினாள். உள்ளே நுழைந்து இழுத்தேன். என் முன்கைத் தோல் சட்டைக் கை போலக் கழன்று வந்தது. அவள் வலது கண்ணில் கண்ணாடிச் சில் குத்தி நின்றது. சுவரில் நேற்றைய கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வாசலில் அவள் அண்ணன் தலைவரைக் காரிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார். பல் இரண்டு தரையில் கிடந்தன. ரத்த வாயோடு தலைவர் என்னைக் காட்டினார்: "அவதான் போட்டா."

"ஆமாண்ணா, நாந்தான்" என்றேன். அண்ணன் விட்ட அறையில் என் இடது காது போனது. அவர் மேல் நான் புகார் கொடுக்கவில்லை. போலீசிடம், சொன்னது தலைவர், அழுத்தியது நான், வாயை மூடிக்கொண்டதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் வேலையும் என் வேலையும் போனது.

அந்த ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டு பைக் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். குமுதா திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். இருக்கிற கண்ணில் லென்ஸை வைத்துக் கொண்டு வேலை செய்கிறாள். ஒருநாள் தைரியம் வந்து போனேன். நிமிர்ந்து என் முகத்தையும் கைத் தழும்பையும் பார்த்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. என்ன பிரச்சன போன்ல?"

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. என்னை டி போட்டுப் பேச இப்போது ஒருத்தியும் இல்லை.