ஊட்டுக்கு ஒரு ஆள்

1. லிஸ்டில் இல்லாத பெயர்

கொல்லிமலையில் சாமை, தினை உமி நீக்கும் யூனிட்டுக்கு நான் மேனேஜராகப் போன முதல் நாள், ஹல்லர் மெஷின் முன்னால் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் லிஸ்டில் பாப்பாத்தி என்று இருந்தது.

"நீங்கதான் பாப்பாத்தியாம்மா?"

"இல்லீங்க பாய். நான் அவ ஓரகத்தி, செல்லம்மா. அவளுக்குக் காய்ச்சலுங்க. அதான் நான் வந்துட்டேன்."

"உங்க பேரு லிஸ்டுல இல்லையே?"

"எங்க ஊடு இருக்குதுங்களே."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் குடும்பம் அடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். அதனால் மலையில் எல்லோருக்கும் நான் 'பாய்'தான், மேனேஜர் எல்லாம் அப்புறம்.

விசாரித்தபோது விஷயம் புரிந்தது. யூனிட் வரும்போதே ஊரார் கூடிப் பேசி, இருக்கிற இடங்களை வீடுகளுக்குப் பிரித்து, ஊட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேலை ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லையா, பிரசவமா, காட்டில் அறுவடையா, அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தி வந்துவிடுவாள். இடம் காலியாக இருக்காது.

நாமக்கல் பக்கம் ரைஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்தபோது, வராத ஆளுக்குப் பதில் ஆள் தேடுவதிலேயே என் பாதிக் காலை போய்விடும். இங்கே அந்த வேலையை எனக்கு முன்பே அடுப்படியில் பேசி முடித்துவிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ஒரு ஆபத்து மட்டும் இருந்தது. பெல்ட் நழுவினால் எந்த சுவிட்சை அமுக்க வேண்டும் என்று செல்லம்மாவுக்குத் தெரியாது. அன்று அவரைச் சலிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டு நானே ஹல்லரில் நின்றேன். பிறகு அந்த மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு வீட்டிலும் மாற்றி வரக்கூடிய அத்தனை பேருக்கும் மெஷின் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொள்ளாதவர் பேக்கிங்கைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அங்கே ஒருவருக்கும் நகக்கண் கூடக் கிழிந்ததில்லை. நிர்வாகம் என்று நான் உருப்படியாகச் செய்தது அதுதான்.

2. வெள்ளைப் பலகை

சில வருஷம் கழித்து சேலம் தலைமை அலுவலகத்துக்குப் புது ஜி.எம். வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மலைக்குக் கீழே கம்பெனியின் இன்னொரு யூனிட்டில், லீவில் போனவருக்குப் பதிலாக வந்த ஒரு பையன் மெஷினில் விரல்களைப் பறிகொடுத்துவிட்டான். பதிவேட்டில் பெயர் இல்லை என்று இன்ஷூரன்ஸில் கையை விரித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் போய்ப் பதில் சொன்னவர் இவர். அந்தப் பயம் அவர் முகத்திலேயே இருந்தது.

மலைக்கு வந்ததும் வெள்ளைப் பலகையில் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்று எழுதினார். கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"ஒரு வேலைக்கு ஒரு பேரு, பாய். அந்தப் பேருதான் பொறுப்பு. வீட்டையெல்லாம் வேலைக்கு வெச்சுக்க முடியாது."

"எல்லாத்துக்கும் ட்ரெயினிங் குடுத்திருக்கேன் சார். அத்தனை பேரையும் இன்ஷூரன்ஸ்ல சேத்துட்டா உங்க கவலையும் தீந்துரும்."

"பத்து பேரு பாக்கற வேலைக்கு ஊரையே சேக்கறதா? டைரக்டர்ங்க கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"ஒரு அறுவடை முடியற வரைக்கும் விட்டுப் பாருங்க சார்."

"மேனேஜர்னா கம்பெனி பக்கம் நிக்கணும் பாய். நீங்க அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எங்கிட்டப் பேசறீங்க."

அதற்குமேல் எழுதியும் அனுப்பினேன், நேரில் போயும் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. முகத்தைக் காட்டினால் கேட் திறக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் வந்து சேர்ந்தது. சொல்லாமல் தொடர்ந்து வராதவரின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று ஆர்டரும் வந்தது. ஆர்டரைப் படித்துக் காட்டியது நான்தான். மேலே இருப்பவர்களுக்கு நான் மலைக்காரன், மலையில் இருப்பவர்களுக்கு அன்றிலிருந்து கம்பெனிக்காரன்.

3. பாப்பாத்தி ஊட்டு இடம்

சாமை அறுவடை நேரத்தில் பாப்பாத்தியின் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. பாப்பாத்தி அவரோடு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வழக்கம்போல செல்லம்மா வந்தார். மெஷின் முன்னால் முகத்தைக் காட்டினார். கேட் திறக்கவில்லை. மறுநாளும் வந்தார். சாயந்திரம் வரைக்கும் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் ஜி.எம்.முக்குப் போன் செய்தேன்.

"இதுல எல்லாம் மனசு பாக்க முடியாது பாய். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

பாப்பாத்தியின் பெயரை நீக்கச் சொன்னார். புது ஆளைச் சேர்க்கவும் சொன்னார். யூனிட்டைச் சுற்றியிருந்த வளப்பூர் நாட்டு ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், வேலை மட்டும் வேண்டாம் என்றார்கள். கடைசியாக செவந்தி வீட்டுக்குப் போனேன். யூனிட்டில் இடம் கிடைக்காத வீடு அது; வேலை காலியானால் சொல்லுங்கள் என்று பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள்.

"வேலை வேணுந்தானுங்க பாய். ஆனா அது பாப்பாத்தி ஊட்டு எடமுங்களே. அதுல போயி நான் எப்படிங்க உக்கார்றது? நாளைக்கு எங்க ஊட்டுல ஒரு கஷ்டமுன்னா, எங்க எடத்துல ஆரு வந்து உக்காருவாங்களோ?"

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாக நின்றுபோனது. கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை, என்னிடம் யாரும் முகம் கோணவும் இல்லை. இடம் வீட்டுக்கு இல்லையென்றால் அது வெறும் கூலி வேலை. கூலி வேலைக்கு இங்கேயே ஏன் இருக்க வேண்டும், எஸ்டேட்டில் இதைவிடக் கூடக் கிடைக்கிறதே என்று போய்விட்டார்கள்.

"யாரு தூண்டி விடறாங்க பாய்? அந்த ஆளக் கூப்பிட்டுப் பேசுவோம்" என்றார் ஜி.எம்.

"அப்படி யாரும் இல்லீங்க சார்."

அவர் நம்பவில்லை. நான் ஒளிக்கிறேன் என்றே நினைத்தார். டிஸ்பாட்ச் நின்று, ஆர்டர் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போன பிறகு ஒருநாள் அவரே போன் செய்து, பாப்பாத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு இரண்டு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள் என்றார். நான் போனை வைத்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு பாப்பாத்தி வீட்டுக்கு ஓடினேன். செல்லம்மாதான் இருந்தார்.

"அவ கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிட்டாளுங்க பாய். ஆஸ்பத்திரிக் கடன் இருக்குதுங்களே. நானும் தை பொறந்ததும் போறேனுங்க."

"இப்ப எல்லாம் சரியாப் போச்சும்மா. ரெண்டு பேரும் வரலாம். ஜி.எம்.மே சொல்லிட்டாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார்.

4. லாரி

போனவர்கள் யாரும் திரும்பி வராததால் யூனிட்டை மூடி மெஷின்களைக் கீழே கொண்டுபோக முடிவானது. கொண்டை ஊசி வளைவெல்லாம் திரும்பி லாரி மேலே வந்தது. ஏற்றுவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்ற காண்ட்ராக்டர் அனுப்பவில்லை. டிரைவரும் நானும் ஹல்லரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கயிறும் மூங்கிலுமாக ஜனங்கள் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. முதலில் வந்தவர், இன்னும் கேரளாவுக்குக் கிளம்பாமல் இருந்த செல்லம்மா.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க?"

"இது மேல வந்தன்னைக்கு ஊட்டுக்கு ஒரு ஆளு வந்துதானுங்க பாய் எறக்குனோம். போறன்னைக்கு வராம இருக்க முடியுமுங்களா?"

கேட் திறந்தே கிடந்தது. உள்ளே போய் ஹல்லரில் கயிறு கட்டினார்கள். தங்கள் பிழைப்பைத் தாங்களே தூக்கி லாரியில் வைத்தார்கள், கீறல் விழாமல் சாக்கும் சுற்றினார்கள். பெண்கள் வெளியூர் போய்விட்ட வீடுகளிலிருந்து புருஷனோ கொழுந்தனோ வந்திருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

இப்போது மேனேஜராகச் சேர்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆட்களைப் பிரித்து வேலை கொடுப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே யார் நிர்வாகம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டால் மட்டும் காப்பாற்றிவிட முடியும் என்று நினைக்காதீர்கள். நான் முதல் நாளே பார்த்தேன், வருஷக்கணக்காகச் சொன்னேன், ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த யூனிட் மூடிய அன்று, ஒரு ஊடு கூட ஆப்சென்ட் இல்லை.