எழுபது வளைவுக்கும் ஹாரன் அடிப்பவன்

வாடகை வண்டி ஓட்டுகிறவன், முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களே என்று வருத்தப்பட முடியாது. ஏறுகிற எல்லாரும் அங்கேதான் உட்காருகிறார்கள்.

ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அடிவாரத்தில் நான் வைத்திருந்த ஜவுளிக்கடை படுத்துவிட்டது. என் மனைவி ரஜியாவின் அண்ணன் தன் பழைய வேனைக் கொடுத்து, கொல்லிமலைக்கு ஆள் ஏற்றி இறக்கச் சொன்னார். பலாப்பழ சீசன் முடியும்வரை பார்ப்போம், ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடு என்றார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். அந்தச் சாவி இருந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இதில் ஒரே சங்கடம், அந்த மலைப்பாதை என்றாலே எனக்குப் பயம்.

முதல் நாள்

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் வண்டியை நிறுத்தி, அடிவாரம் அடிவாரம் என்று கூவினேன். பலாப்பழத்தோடு ஒரு அம்மா வந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர், யார் ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தார். நான்தான் என்றேன், புதுசு என்பதையும் மறைக்கவில்லை. என் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"நீங்க பத்திரமா போங்க சாமி, நான் அடுத்த வண்டியில வாரேன்."

செல்லமுத்து

மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். நான் தெரிகிற வளைவிலும் அடிப்பேன், அந்தப் பாதையின் கொண்டை ஊசி வளைவு எழுபதிலும் அடிப்பேன். அடிக்காமல் திரும்பினால் எனக்கு மூச்சு வராது.

செல்லமுத்து சோளக்காட்டுப் பக்கத்து மிளகு விவசாயி. வாரம் தவறாமல் கீழே போவார், எனக்கு நேர் பின்சீட்டில்தான் உட்காருவார். கியர் போட்டால் ஒரு சொல், பிரேக் போட்டால் ஒரு சொல். ஒருநாள் பாதி மலை இறங்குமுன்பே என் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க பாய், நீங்க வாரது மலைக்கே தெரிஞ்சுபோச்சு, கொஞ்சம் கையை எடுங்க."

சக தொழிலாளி

இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் கருகல் வாடை வரும். அதனால் நான் இரண்டாவது கியரை விடுவதே இல்லை. பின்னால் வருகிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். மலைமேல் இருக்கிற செம்மேட்டு டீக்கடையில் ஒரு ஜீப் டிரைவர், பத்துப் பேர் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

"மேல பச்சையா ஏத்துன மொளகு, பாய் வண்டி அடிவாரம் போறதுக்குள்ள காஞ்சிருதுங்க."

வீட்டில்

பேச்சு மச்சான் காதுக்குப் போய்விட்டது. செல்லமுத்துவே குறை சொன்னாராம். இன்னொரு புகார் வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். அன்று ரஜியாவிடம், நமக்கு இது ஒத்துவராது, நானே கொடுத்துவிடுகிறேன் என்று புலம்பித் தீர்த்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு யாரும் சொல்லலையே, பயப்படுறீங்கன்னுதானே சொல்றாங்க, பயந்துக்கிட்டே ஓட்டுங்க."

தாம்பாளம்

அப்படியே ஓட்டினேன். சீசன் முடிகிற சமயம். சோளக்காட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு நகர்ந்தால் ஹாரன் செத்துக்கிடக்கிறது. அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன், ம்ஹூம். முதல் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி, செம்மேட்டிலிருந்து மெக்கானிக் வந்தால்தான் வண்டி நகரும் என்று சொல்லிவிட்டேன். வண்டி நிறைய அடிவாரத்துக் காதுகுத்துக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமனே என் வண்டியில்தான் இருந்தார். அவர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் வண்டியில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து மச்சானுக்கே போன் போட்டுவிட்டார். பிள்ளைகள் முகம் கண்ணுக்கு வந்தது. போனால் போகட்டும், ஹாரன் இல்லாமல் இறங்கமாட்டேன் என்றேன்.

அன்றும் என் நேர் பின்சீட்டில் இருந்த செல்லமுத்து எழுந்தார். சீர்த்தட்டிலிருந்த பழத்தை மடியில் கொட்டச்சொல்லித் தாம்பாளத்தை வாங்கினார். என் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்சீட்டுக்கு வந்து, தலையை வெளியே நீட்டி டண் டண் என்று அடித்தார். என்னைப் பார்த்து, ம், எடுங்க என்றார். ஒவ்வொரு வளைவிலும் அடித்தார். தெரிகிற வளைவில் அவர் அடிக்குமுன் நான் வண்டியைத் திருப்பப் போனால், பொறுங்க பொறுங்க என்று என்னையே அதட்டினார். ஒரு வளைவில் தாம்பாளச் சத்தத்துக்குக் கீழேயிருந்து பஸ் ஹாரன் பதில் சொன்னது. நின்றோம். பஸ் எங்களை உரசுகிற மாதிரி ஏறிப்போனது. அடுத்த வளைவில் தாய்மாமன் தானும் ஒரு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார்.

காதுகுத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அடிவாரத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார். நானும் சாவியை உருவிவிட்டேன். நெளிந்துபோன தாம்பாளத்தோடு இறங்கிய செல்லமுத்து எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"சரியான பயந்தாங்கொள்ளிங்க இவரு, வேற ஆள மட்டும் போட்டுறாதீங்க."

சாவியும் பயமும் இன்னும் என்னிடமேதான் இருக்கின்றன. மச்சான் மாற்றியது ஹாரனை மட்டும்.